மருந்தும் அளவும்

தமிழிலே 'மருந்து' என்னும் சொல் இரு வேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. நோயைத் தீர்ப்பதும் மருந்து. துவக்கில் இட்டுச் சுடுவதும் மருந்து. 'வெடிமருந்து' என அடைகொடுத்து எழுதுவது நூல்வழக்கு. வன்னியிலே வேட்டைக்குச் சென்று பழகிய முதியோர் 'துவக்குக்கு மருந்தில்லை' என்றே கூறுவர். உயிரைக் காப்பதற்கும் உயிரைப் போக்குவதற்கும் ஒரே சொல்லை எம் முன்னோர் ஏன் வழங்கினர் என்ற வினா நெடுநாளாக என் மனத்திலே இருந்து வந்தது.

இவ்வழக்குத் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீன மொழியில் வெடிமருந்தின் பெயருக்குத் 'தீ மருந்து' என்பதே நேர்ப்பொருள். சாகா வரம் தரும் மருந்தைத் தேடிய தாங் காலத்து இரசவாதிகளின் ஆய்வுகளிலேயே அது பிறந்தது என்பர். 1044 ஆம் ஆண்டளவிற் சீனாவில் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலொன்றில் அதன் செய்முறைகள் எழுத்திற் பதிவாகிவிட்டன. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் 'தாரு' என்ற சொல் மராத்தியிலே வெடிமருந்தையும் குறிக்கும். ஆகவே ஒரு மொழியின் தற்செயல் வழக்காக இதனைத் தள்ளிவிடல் இயலாது.

சொல்லில் மட்டுமன்றி நிறையிலும் இவ்வுறவு தொடர்வது நோக்கற்பாலது. ஆங்கில மருத்துவத்தில் நெடுங்காலம் மருந்தை நிறுத்தது 'கிறெயின்' என்னும் அலகினால். ஓர் இறாத்தலில் 7,000 கிறெயின் அடங்கும். ஒரு கிறெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். அஸ்பிரின் வில்லை 325 மில்லிகிராம் என்ற விந்தையான நிறையில் வருவதற்குக் காரணம், அது பழைய 5 கிறெயின் ஆகும் என்பதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே துவக்கு மருந்து இன்றும் அதே கிறெயினால் நிறுக்கப்படுகின்றது. மருந்துக்கடையை விட்டு நீங்கிய அலகு, துவக்கு மருந்தோடு தங்கிவிட்டது.

அந்நாட்டிலே, சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை எறிந்துவிடாது, வீட்டு மேசையிலேயே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் ஒன்றுண்டு. கோது, அதன் அடியிலே பொருத்தப்படும் சிறு எரியூட்டி, மருந்து, சன்னம் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. இவற்றுட் பித்தளைக் கோதே பன்முறை பயன்படுவது. செலவைக் குறைப்பதற்காகவும், தம் கைத்துப்பாக்கிக்கு இசைந்த தோட்டாவைத் தாமே ஆக்குவதற்காகவும் பலர் இதனை மேற்கொள்கின்றனர். எமது நாட்டிலே உரிய அனுமதியின்றி இதற்கு இடமில்லை. இது தொடர்பான கைந்நூல்களை நான் புரட்டத் தொடங்கியது 'மருந்து' என்ற சொல்லின் பொருட்டே. ஆயினும், எந்த மருந்தைத் தேர்வது என்ற அவர்களது வினாவே பின்னர் என்னை ஆட்கொண்டது.

'வலிமை மிக்க மருந்து எதுவோ அதுவே சிறந்தது' என்று அறியாதார் கருதுவர். உண்மை வேறு. தேர்வின் முதல் அளவுகோல் வலிமையன்று, எரியும் வேகமே. பழைய கரிமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திண்மமாக எஞ்சும். களத்தைப் புகை மூடுவதும், குழலிலே கசடு படிவதும் அதனாலேயே. 1884 இல் பிரான்சியரான போல் வியேய் நைத்திரோசெலுலோசிலிருந்து புகையற்ற மருந்தை ஆக்கினார். 1887 இல் அல்பிரட் நோபெல் அதனோடு நைத்திரோகிளிசரீனைச் சேர்த்து மற்றொரு வகையைக் கண்டார். அதன்பின் மருந்து ஒன்றாக இருக்கவில்லை. தகடு, உருண்டை, குச்சி என உருவாலும், மேற்பூச்சாலும், எரியும் வேகத்தாலும் வேறுபட்ட பற்பல மருந்துகள் தோன்றின.

கைத்துப்பாக்கியின் குழல் குறுகியது. சன்னம் அதனைக் கடந்து செல்லும் நேரம் கண்ணிமைப் பொழுதினும் மிகக் குறைவு. அந்நேரத்துள் எரிந்து முடியவேண்டுமாயின் மருந்து விரைவாக எரிவதாக இருத்தல் வேண்டும். 1898 இல் அறிமுகமான 'புல்ஸ்ஐ' என்னும் மருந்து இவ்வகையினது. இலக்குப் பயிற்சிக்குரிய மெல்லிய தோட்டாக்களுக்கு அது பெயர்பெற்றது. பாரமான சன்னத்தைப் பெருவேகத்தில் உந்தவேண்டிய மக்னம் வகைத் தோட்டாக்களுக்கோ மெதுவாக எரிவது பொருந்தும். அது சன்னத்தை அடிக்காது, தொடர்ந்து தள்ளும். அதனையே சிறு தோட்டாவில் இட்டால் எரிந்து முடியாத மருந்து குழல்வாயிற் சுடராய்ப் பாழாகும். ஆகவே நல்ல மருந்து, தீய மருந்து என்ற பிரிவு இங்கு இல்லை; பொருந்தும் மருந்து, பொருந்தா மருந்து என்ற பிரிவே உண்டு.

இரண்டாவது அளவுகோல் மருந்தின் பருமன். .45 கோல்ற் தோட்டா 1873 இல் தோன்றியபொழுது அதன் கோது 40 கிறெயின் கரிமருந்தை ஏற்கும்படி அமைக்கப்பட்டது. புகையற்ற மருந்து அதில் ஒரு சிறு பங்கே போதும். கோதின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும். .38 ஸ்பெஷல் தோட்டாவின் நிலையும் இதுவே. அத்தகைய கோதில் ஒருவர் கவனம் பிசகி இருமுறை மருந்திட்டாலும் வெளியே தெரியாது. தெரிவது துப்பாக்கி வெடிக்கும்பொழுதே. இதனால், கோதை ஓரளவேனும் நிரப்பும் பருத்த மருந்தையே தேர்க எனக் கைந்நூல்கள் புதியவருக்கு அறிவுறுத்தும். இருமடங்கு இடின் அது வழிந்து தன் பிழையைத் தானே காட்டிவிடும். சிக்கனத்திலும் வேகத்திலும் குறைந்ததாயினும், பிழையை மறைக்காத மருந்தே தொடக்கநிலையாளருக்கு உகந்தது. மூன்றாவது, அளவியில் ஒழுகும் தன்மை. உருண்டை மருந்து நீர்போல ஒழுகி ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் விழும். பெருந்தகடுகள் தடைப்பட்டுக் கூடியும் குறைந்தும் விழக்கூடும்.

அளவு கூடினால் நேர்வது யாவரும் ஊகிக்கக்கூடியதே. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு விதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல்; .357 மக்னத்துக்கோ 35,000 இறாத்தல். இரண்டின் விட்டமும் ஒன்றாதலால், 1935 இல் மக்னத்தை ஆக்கியோர் அதன் கோதை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீட்டினர். பழைய துப்பாக்கிக்குள் அது தவறியும் நுழையலாகாது என்பதே நோக்கம். ஆயின், அளவு குறைந்தாலும் ஆபத்து உண்டென்பதைப் பலர் அறியார். மருந்து போதாவிடின் சன்னம் குழலின் நடுவே சிக்கி நிற்கும். அதனை அறியாது அடுத்ததைச் சுடுபவரின் கையிலே துப்பாக்கி சிதறும். மெதுவாக எரியும் மருந்துகள் சிலவற்றைக் குறிப்பிட்ட அளவினின்றும் குறைத்திடலாகாது என ஆக்கியோரே எச்சரிப்பர். மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய் செய்யும் என்பது திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் தொடங்கும் கருத்தாகும். வள்ளுவர் உடலை நோக்கிக் கூறியது இவ்வுலோகக் குழலுக்கும் பொருந்துவது வியப்பைத் தருகின்றது.

எனக்கு இது வெறும் ஏட்டறிவன்று. என் பாட்டனாரின் தமையனாருக்கு வலக்கையில் இரு விரல்கள் இல்லை. பயிரை அழித்த பன்றிக்காக இடியன் துவக்கிலே மருந்தை இட்டு இடித்தவர், அன்று சற்றுக் கூடுதலாக இட்டுவிட்டார். குழல் பிளந்தது. ஊரவர் துவக்கைக் குறைகூறினர். அதை அடித்துக் கொடுத்த கொல்லரைக் குறைகூறினர். அவரோ ஒருநாளும் அவ்வாறு கூறியதில்லை. "கண்ணளவாப் போட்டனான், கண்ணுக்கு என்ன தெரியும்?" என்பதே சிறுவர்களாகிய எமக்கு அவர் கூறிய விடை. தராசும் ஏடும் இன்றிக் கண்ணை நம்பிய ஒரு தலைமுறையின் அனுபவம் அவ்விடையிலே அடங்கியிருந்தது.

கைந்நூல்களின் விதிகளை வாசிக்குந்தோறும் அவ்விரல்களே என் நினைவில் எழும். குறித்த உச்ச அளவிற் பத்திலொரு பங்கு குறைத்துத் தொடங்குக, படிப்படியாக ஏற்றுக, மேசைமேல் ஒரு காலத்தில் ஒரே மருந்தை வைத்திருக்க, பெயரறியா மருந்தை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தாதே, இரு மருந்துகளைக் கலவாதே. வைத்தியருக்கும் இவை பொருந்தும். தொழிற்சாலைத் தோட்டாவை வாங்குபவர் பிழை நேர்ந்தால் ஆக்கியவரைச் சுட்டலாம். தாமே நிரப்புபவர் சுட்டுவதற்கு வேறொருவர் இல்லை. தேர்ந்தவரும் அளந்தவரும் சுடுபவரும் ஒருவரே.

1983 முதல் 2009 வரை இந்நாட்டிலே வெடிமருந்து செய்த அழிவை அறிந்தவர்கள், இதைப் பற்றி எழுதவும் வேண்டுமா எனக் கேட்டல் இயல்பே. அக்காலத்தின் முடிவிலே பிறந்த எம்மவர்க்கு அச்சொல் அச்சமாகவே கையளிக்கப்பட்டது. ஆனால் அஞ்சுவதும் அறிவதும் ஒன்றல்ல. வெடிமருந்தை வீரத்தின் அடையாளமாகப் பாடியவர்களும் இருந்தனர். அதன் பெயரையே உச்சரிக்கலாகாது என்றவர்களும் இருந்தனர். இரு சாராரும் அதனை அளந்து பார்த்தவர்களல்லர். கிறெயின் கணக்கில் நிறுத்து நோக்குபவருக்கு அங்கே வீரமும் இல்லை, மாயமும் இல்லை. ஒரு பொருளும் அதன் அளவும் விளைவும் மட்டுமே உண்டு.

நோய்க்கான மருந்தை 'எவ்வளவு?' என்று கேளாது எவரும் அருந்துவதில்லை. அவ்வினாவை மற்றைய மருந்திடத்தும் கேட்கவேண்டும் என்பதற்காகவே எம் மொழி இரண்டிற்கும் ஒரு பெயரை வைத்திருக்கின்றது எனக் கொள்வதில் தவறில்லை. முன்னோரின் எண்ணம் அதுவோ, யானறியேன். ஆயினும், அச்சொல்லை இனி வழங்குவோர் அப்பொருளை அதற்கு ஊட்டுதல் கூடும்.