நாற்பது பருவங்களும் ஒரு வெற்றுக் கட்டமும்



சென்ற ஷஅபான் மாதத்தில் நம் மதரஸாவின் ஆண்டறிக்கைப் படிவம் நம் கைக்கு வந்தது. அதில் ஒரு கட்டத்தின் மேல், ‘இவ்வாண்டு ஹிஃப்ள் நிறைவு செய்த மாணவர்கள்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அங்கே நாம் எழுத வேண்டிய எண் 0. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக அதே எண். 22 ஜுஸ்உகளை மனனம் செய்திருந்த பிள்ளை ஒருவர், தந்தையாரின் பிழைப்பு வேறு ஊருக்கு மாறியதால், ஆண்டின் நடுவிலேயே ஸலாம் சொல்லி விடைபெற்றிருந்தார். அவர் இருந்திருந்தால் அடுத்த ஆண்டாவது அந்தக் கட்டம் நிறைந்திருக்கும்.

19 ஆண்டுகளாக ஒரே அறையில், ஒரே ஜன்னலோரத்தில் அமர்ந்து ஓதிக் கொடுத்து வருகிறோம். அன்றிரவு இஷாவுக்குப் பின், படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வேறொரு பணிக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினோம். மனம் அந்த அளவுக்குச் சோர்ந்திருந்தது.

அந்த வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் நலம் விசாரித்தார். நம்மிடம் மக்தபில் ஓதியவர். இப்போது அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத் தலைநகரான டல்லஹாஸியில் மேற்படிப்புப் பயில்கிறார். நம் குரலில் இருந்த சோர்வைக் கண்டுகொண்டவர், காரணத்தைக் கேட்டறிந்த பின் இவ்வாறு சொன்னார்: “ஹஜ்ரத், எங்கள் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் கற்றுக் கொடுத்த ஒருவர் இருந்தார். அவருடைய கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.”

ஓதிக் கொடுப்பவருக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அவர் அனுப்பியவற்றை வாசிக்க வாசிக்க, அது பந்தைப் பற்றிய கதையன்று, ஓரிடத்தில் நிலைத்திருந்து பிறர் பிள்ளைகளை ஆளாக்குவோரின் கதை என்பது விளங்கிற்று.

அந்த மனிதரின் பெயர் மைக் மார்ட்டின். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலேயே விளையாடியவர். தொழில்முறை ஆட்டத்தின் கீழ்நிலை அணிகளில் சில காலம் முயன்றார். மேலே செல்ல இயலவில்லை. டல்லஹாஸிக்கே திரும்பி, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரானார். பிறகு தாம் பயின்ற பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

1979 இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டிக் ஹவுசர். ஒரே ஒரு பருவம் பணியாற்றிய அவரை, புகழ்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் அணி அழைத்துக்கொண்டது. காலியான இடத்திற்கு 1980 இல் மார்ட்டின் வந்தார். வந்தவர் 2019 வரை அகலவில்லை. 40 பருவங்கள் அங்கேயே இருந்தார். இன்று அந்த விளையாட்டரங்கம் ஹவுசரின் பெயரைத் தாங்குகிறது. அதனுள்ளே கிடக்கும் ஆடுகளம் மார்ட்டினின் பெயரைத் தாங்குகிறது. ஓராண்டு இருந்தவருக்குக் கட்டடம், நாற்பதாண்டு இருந்தவருக்கு மண். இதை வாசித்தபோது நம்மையறியாமல் புன்னகைத்தோம்.

அந்த நாற்பது பருவங்களில் மார்ட்டினின் அணி வென்ற ஆட்டங்கள் 2,029. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் முதற்பிரிவில் அவர் பணி ஓய்வு பெற்றபோது வேறெவரும் அத்தொகையை எட்டியதில்லை. சராசரியாக ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேல். எந்தப் பருவத்திலும் வெற்றிகள் நாற்பதுக்குக் குறையவில்லை. தேசியப் போட்டிக்கு அவருடைய அணி தேர்வாகாத ஆண்டு ஒன்றுகூட இல்லை.

முதற்பிரிவில் ஏறத்தாழ 300 கல்லூரி அணிகள் உள்ளன. அவற்றில் கடைசி எட்டு அணிகள் மட்டும் ஜூன் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் கூடும். ‘காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்’ எனப்படும் அந்த இறுதித் தொடர் 1950 முதல் அந்நகரிலேயே நடைபெறுகிறது. மார்ட்டின் தம் அணியை 17 முறை அங்கே அழைத்துச் சென்றார். 1986 இல் இறுதி ஆட்டம் வரை சென்று அரிசோனாவிடம் தோற்றார். 1999 இல் மீண்டும் இறுதி ஆட்டம். 6–5 என்ற கணக்கில், ஒரே ஓர் ஓட்டத்தில், மயாமியிடம் கோப்பையை விட்டார். 17 பயணங்களிலும் கோப்பையோடு திரும்பிய பயணம் ஒன்றுமில்லை.

2,029 என்னும் எண்ணின் அருகில், ‘கோப்பைகள்’ என்ற கட்டத்தில் 0.

அந்தச் சுழியத்தைக் கண்டபோது நம் ஆண்டறிக்கைப் படிவம் நினைவுக்கு வந்தது. எனினும் உடனே ஆறுதல் கொண்டுவிட நாம் விரும்பவில்லை. தோல்வியுற்ற ஒருவரைக் காட்டி நம் தோல்விக்குச் சமாதானம் தேடுவது முறையாகாது. ஆகவே அந்தப் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விசாரித்தோம்.

பேஸ்பாலில் மட்டையாளர் பத்து முறை முயன்று மூன்று முறை பந்தைச் சரிவர அடித்தாலே அவர் சிறந்தவர். அதாவது ஏழு முறை தோற்பவரையே அங்கே தேர்ந்தவர் என்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞருக்குப் பந்தடிக்கக் கற்பிப்பதைவிட, அந்த ஏழு தோல்விகளுக்குப் பின் எட்டாம் முறை நிமிர்ந்து நிற்கக் கற்பிப்பதே பயிற்சியாளரின் பெரும்பணி. பாடம் தடுமாறிய பிள்ளை, மறுநாள் முகம் வாடாமல் வந்து உட்கார வேண்டுமே என்று கவலைப்படும் எந்த உஸ்தாதுக்கும் இது புரியும்.

கையிருப்பும் குறைவே. நெடுங்காலம் ஒரு கல்லூரி பேஸ்பால் அணிக்கு அனுமதிக்கப்பட்டிருந்தவை 11.7 முழு உதவித்தொகைகள் மட்டும். அதை இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் கூறுபோட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்குப் பாதி, யாருக்குக் கால் என்று தீர்மானித்து, அதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் பயிற்சியாளரே.

இவை எல்லாவற்றையும்விட நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு விதி. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த வீரரைத் தொழில்முறை அணிகள் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகோ, அவருக்கு 21 வயதாகும்போதோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆகவே மிகச் சிறந்த மாணவர்தாம் முதலில் புறப்பட்டுவிடுவார். வளர வளரப் பிரிவு நெருங்கும். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து பஸ்டர் போஸி என்னும் இளைஞர் இந்த அணிக்கு வந்தார். அவர் ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தில் களம் காத்தவர். கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் அமரும் கேட்சராக அவரை மாற்றியது அங்குதான். இரண்டு பருவங்கள் அந்த இடத்தில் ஆடினார். 2008 இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2010, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த அணி ‘வேர்ல்ட் சீரிஸ்’ கோப்பையை வென்றது. டல்லஹாஸியில் கற்ற வித்தை கோப்பையைத் தூக்கியது. ஆனால் அது வேறோர் ஊரில், வேறோர் அணியின் பெயரில்.

இத்துறையில் நெடுநாள் இருந்த மற்றவர்களையும் கவனித்தோம். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராட் டெடோ 1942 முதல் 1986 வரை 45 பருவங்கள் பணியாற்றினார். 11 தேசியக் கோப்பைகள் அவர் கணக்கில் உள்ளன. 1970 முதல் 1974 வரை ஐந்தும் தொடர்ச்சியானவை. பெரும் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றை நடத்தி வந்ததால், பயிற்சிப் பணிக்குப் பெயரளவில் ஆண்டுக்கு 1 டாலர் மட்டுமே பெற்றார். கோப்பை கிடைத்தவருக்கும் பணியின் மீதிருந்த பற்றே கூலியாக இருந்திருக்கிறது.

விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜீன் ஸ்டீஃபன்சன் பொறுப்பேற்றபோது அங்கே அணியே இல்லை. 1970 இல் கைவிடப்பட்ட ஆட்டத்தை அவர் 1978 இல் மீண்டும் தொடங்கினார். 1989 இல் தேசியக் கோப்பையை வென்றார். 1,837 வெற்றிகள், 36 பருவங்கள். இருந்தும் 2013 இல் நிர்வாகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. தாமே எழுப்பிய வீட்டிலிருந்து வெளியேற நேர்ந்தது. நாம் நீண்ட நாள் இருந்ததனாலேயே ஓரிடம் நமக்குச் சொந்தமாகிவிடாது. மார்ட்டினின் இடத்திற்கு அவருடைய மகனே வந்தார்; மூன்று பருவங்களுக்குப் பின் அவரும் மாற்றப்பட்டார். பணி வாரிசுச் சொத்தும் அன்று.

நெடுங்காலம் இருப்பது ஒன்றே சிறப்பாகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழகிய இடம் என்பதற்காக, புதிதாக எதையும் கற்காமல் நாளைக் கடத்துவோரும் எத்துறையிலும் உண்டு. நாமும் சில ஆண்டுகள் அப்படி இருந்ததுண்டு. மார்ட்டினை அவ்வாறு கருத முடியாதபடி செய்வது அவருடைய கடைசிப் பருவமே.

2019 இல் அவருக்கு வயது 75. அதுவே இறுதிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். அணியோ நடுப்பருவத்தில் தடுமாறியது. நாற்பதாண்டுகளாக முறியாத தொடர், கடைசி ஆண்டில் முறிந்துவிடும் போலிருந்தது. எப்படியோ தேசியப் போட்டிக்குள் நுழைந்தார்கள். ஜார்ஜியாவின் ஆடுகளத்திற்கே சென்று வென்றார்கள். லூசியானாவுக்குச் சென்று எல்.எஸ்.யு. அணியை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார்கள். 1980 இல், முதல் பருவத்தில் ஒமாஹா சென்றவர், கடைசிப் பருவத்திலும் ஒமாஹாவுக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் அர்கன்சாஸ் அணியை 1–0 என வென்றார்கள். அடுத்து மிச்சிகனிடம் 2–0 என்றும், டெக்சாஸ் டெக்கிடம் 4–1 என்றும் தோற்றார்கள். இரண்டு தோல்விகள் கண்ட அணி அங்கிருந்து வெளியேற வேண்டும். நாற்பது ஆண்டுப் பணி அத்துடன் நிறைவுற்றது. 2024 பிப்ரவரியில், 79 ஆம் வயதில், நினைவைத் தின்னும் நோயுற்றிருந்த நிலையில் அவர் காலமானார்.

தம் வெற்றிகளைத் தாமே மறந்துபோகும் நோய். ஆனால் அவரிடம் பயின்றவர்களின் கைகளிலும் கால்களிலும் அவர் கற்பித்தவை இருந்தன. ஆசிரியரின் கணக்கு அவரிடம் இருப்பதில்லை. அது மாணவரிடம் இருக்கிறது. மாணவரோ எப்போதும் வேறோர் ஊரில் இருக்கிறார். இதை நினைத்தவுடன், நம்மை விட்டுச் சென்ற அந்தப் பிள்ளையை நாம் இதுவரை எவ்வாறு நினைத்து வந்தோம் என்பது உறைத்தது. ‘நம் கட்டம் நிறையாமல் போயிற்றே’ என்று வருந்தினோமே தவிர, அவருடைய மீதி 8 ஜுஸ்உகள் என்னவாகும் என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. நம் நிய்யத்தில் கலந்திருந்த கசடு அது.

மறுநாள் அவருடைய தந்தையாரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினோம். பிள்ளை அவ்வூர் மதரஸாவில் சேர்ந்திருக்கிறார். ஆனால் புது உஸ்தாத், அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியாமல் தொடக்கத்திலிருந்து கேட்டு வருகிறாராம். அன்று மாலை அந்த உஸ்தாதுக்கு ஒரு கடிதம் எழுதினோம். எந்த ஜுஸ்உகள் உறுதியாக உள்ளன, ஒன்றுபோல் ஒலிக்கும் வசனங்களில் எவ்விடங்களில் இவர் தடுமாறுவார், சுப்ஹுக்குப் பின் நன்றாக ஓதுவார், உரத்த குரலில் கண்டித்தால் வாய் அடைத்துக்கொள்வார் என்று இரண்டு பக்கங்கள். 19 ஆண்டுகளில் பாதியில் சென்ற எந்தப் பிள்ளைக்கும் நாம் இதைச் செய்ததில்லை.

விண்ணப்பத்தை நாம் கிழிக்கவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது. ஆண்டறிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டோம். உரிய கட்டத்தில் 0 என்றே எழுதினோம், அதுதான் உண்மை. அதன் கீழே இருந்த வெற்றிடத்தில், நம்மிடம் இப்போது ஓதிக்கொண்டிருக்கும் 14 பிள்ளைகளின் பெயர்களையும், அவரவர் நிற்கும் இடத்தையும் எழுதினோம். பதினைந்தாவதாக, ஊர் மாறிச் சென்றவரின் பெயரையும் சேர்த்தோம்.

அவர்கள் அனைவருக்காகவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.