வளைந்து கொடுக்கும் கண்ணாடி

பெரிய டெலஸ்கோப் என்றால் உள்ளே இருப்பது லென்ஸ் அல்ல, குழிவான கண்ணாடி. அதன் பரப்பு மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் நட்சத்திரம் தெளிவை இழக்கும்.

சிக்கல் என்னவென்றால், கண்ணாடி தன் எடையிலேயே தொய்யும். டெலஸ்கோப்பைச் சாய்க்கச் சாய்க்க வடிவம் மாறும். பழைய வைத்தியம் ஒன்றுதான்: தடிமனாக வார்ப்பது. 1970களில் சோவியத் யூனியன் நிறுவிய 6 மீட்டர் கண்ணாடி சுமார் 42 டன்! அதைத் தாங்க இரும்பு, இரும்பைத் தாங்கக் கட்டடம் என்று செலவு குட்டி போட்டுக்கொண்டே போகும். போதாததற்கு, இரவுக் குளிரில் அவ்வளவு கண்ணாடியும் சீக்கிரம் ஆறாது.

ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தில் வேலை பார்த்த ரேமண்ட் வில்சன் என்ற ஆங்கிலேயர் இதைத் தலைகீழாக யோசித்தார். மெலிதாகவே இருக்கட்டும், தொய்ந்தால் தொய்யட்டும், பின்னாலிருந்து தள்ளிச் சரிசெய்யலாம். முதலில் 1 மீட்டர் அகலமும் வெறும் 18 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடியில் சோதித்தார்கள். பிறகு சிலி நாட்டு லா சில்லா மலையில் என்.டி.டி. வந்தது. கண்ணாடி 3.58 மீட்டர், தடிமன் 24 செ.மீ., முதுகுப்பக்கம் 75 தாங்கிகள். ஒரு நட்சத்திரத்தின் ஒளியைக் குட்டிக் குட்டி லென்ஸ்களால் புள்ளிகளாகப் பிரித்து, எந்தப் புள்ளி எவ்வளவு விலகி விழுகிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். எந்தத் தாங்கி எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கணக்குப் போடும். காற்றுமண்டல நடுக்கத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்துவது வேறு சமாச்சாரம், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இது நிதானமான வேலை.

இனிதான் சுவாரஸ்யமே! என்.டி.டி. கண்ணாடியைத் தப்பான வடிவத்தில் மெருகேற்றிவிட்டார்கள். சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இடம் தவறியிருந்தது, அவ்வளவுதான். பழைய தடிமன் கண்ணாடியாக இருந்தால் மறுபடி பட்டறைக்கே போயிருக்க வேண்டும். 1989இல் தாங்கிகள் கொஞ்சம் கூடுதலாக அழுத்தின, பிழை போய்விட்டது.

அடுத்த வருடமே விண்ணுக்குப் போன ஹப்பிளிலும் கிட்டத்தட்ட இதே கோளாறு. அந்த 2.4 மீட்டர் கண்ணாடியை அந்த அளவுக்கு வளைக்க வழியில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தும்வரை உலகமே கேலி செய்தது.

வில்சன் 2018இல் காலமானார். அவர் வழியில் சிலியின் பாரனால் மலையில் அமைந்த 4 பெரிய டெலஸ்கோப்புகளின் கண்ணாடி ஒவ்வொன்றும் 8.2 மீட்டர். தடிமன்? வெறும் 17.5 செ.மீ. தாங்கிகள் 150.