புது மீன் ஏன் தீனி எடுக்க மாட்டேங்குது?

புதுசா வாங்கின மாடு முதல் ரெண்டு நாள் சரியா தீனி எடுக்காதுங்க. நல்ல பச்சைப்புல்லா அறுத்துப் போட்டாலும் மோந்து பாத்துட்டு தலையைத் திருப்பிக்கும். கம்மாபுரம் பக்கத்துல இதுக்கெல்லாம் யாரும் பதற மாட்டோம். வித்தவர்கிட்ட என்ன தீனி போட்டீங்கன்னு கேட்டு, கொஞ்ச நாளைக்கு அதையே கொடுப்போம். அப்புறம் மெல்ல மெல்ல நம்ம வீட்டுத் தீனிக்குப் பழக்குவோம். கண்ணாடித்தொட்டி மீன் வாங்கி, அது சாப்பிடலையேன்னு கவலைப்படுற பட்டணத்து நண்பர்களுக்கும் நான் சொல்லப்போறது இதேதான்.

எங்க வீட்டுக்கு மீன் வந்தது அக்கா பையனுக்காக. அவங்க அப்பா தவறிட்டாரு. அக்கா வேலைய விட முடியாம சென்னையிலேயே இருக்கு. ஏழாவது படிக்கிற பையன் எங்ககிட்ட வந்துட்டான். முன்னாடி அப்பாவும் அவனுமா கொளத்தூருக்குப் போய் மீன் வாங்குவாங்களாம். அந்தக் கொளத்தூர்தான் வண்ணமீனுக்குப் பேர்போன இடம்; வளக்குறவங்களும் விக்கிறவங்களும் அங்க தெருத்தெருவா இருக்காங்க. அதனால நெய்வேலி டவுன்ஷிப்புல ஒரு கடையில நாலு மோலி, ரெண்டு ஏஞ்சல் வாங்கிட்டு வந்தோம்.

பாலித்தீன் பையைப் பிரிக்காம அப்படியே இருபது நிமிஷம் தொட்டித் தண்ணியில மிதக்க விட்டோம். மீனோட உடம்புச் சூடு தண்ணியோட சூடுதான். திடீர்னு மாறினா தாங்காது. எங்களுக்கு போர் தண்ணி, அதுல குளோரின் கிடையாது. ஆனா பூமிக்கடியில இருந்து வர்ற தண்ணியில ஆக்சிஜன் குறைவா இருக்கும். அதனால முந்தின நாளே பிடிச்சு காத்து மோட்டார் போட்டு வச்சிருந்தோம். உங்க ஊர்க் குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். அது மீனோட செவுளைப் புண்ணாக்கும். அதுக்கான சொட்டு மருந்து மீன் கடையிலேயே கிடைக்கும்.

முதல் நாள் தீனியே போடல, விளக்கும் போடல. ரெண்டாம் நாள் மோலிங்க கண்ணாடியைக் கொத்த ஆரம்பிச்சுட்டுது. ஏஞ்சல் ரெண்டும் மூலையில ஒதுங்கியே நின்னுது. குருணைத்தீனி முகத்துக்கு நேரா இறங்கினாலும் திரும்பிப் பாக்கல.

"மாமா, செத்துப்போயிடுமா?"ன்னு கேட்டான். அவன் கேட்ட விதத்துல எனக்குச் சோறு இறங்கல.

நல்லா இருக்குற வளந்த மீன் நாலஞ்சு நாள் பட்டினி தாங்கும்டான்னு சொன்னேன். ஆபத்து பட்டினியில இல்ல, மிச்சமாகிற தீனியிலதான். அது அழுகினா அம்மோனியா ஆகும். வயல்ல யூரியா போட்டா, அதுல வர்ற அம்மோனியாவை மண்ணுல இருக்குற பாக்டீரியா நைட்ரேட்டா மாத்துது இல்லையா, தொட்டியிலயும் அதே வேலை நடக்கணும். புதுத் தொட்டியில அந்த பாக்டீரியா பெருக சில வாரம் ஆகும். அதுவரைக்கும், ரெண்டு நிமிஷத்துல தின்னு தீர்க்கிற அளவு போட்டாப் போதும். மிச்சத்தை உடனே எடுத்துடணும்.

கடைக்காரருக்கு போன் போட்டுக் கேட்டோம். உயிர்ப்புழு கொடுத்துப் பழக்கினதுன்னாரு. ஏஞ்சல் அமேசான் ஆத்து மீன் இனம். நெளியுறதைப் பிடிச்சுத் தின்னே வளந்ததுக்கு, அசையாத குருணை தீனின்னே தெரியாது. தென்னை மரத்தடியில ஒரு உடைஞ்ச பானையில மழைத்தண்ணி தேங்கியிருந்துது. அதுல இருந்த கொசுப்புழுவை டீ வடிகட்டியில அள்ளி, அலசிப் போட்டோம். புழு நெளிஞ்சதும் பெரிய ஏஞ்சல் கண்ணை உருட்டுச்சு, பின்னாடியே போச்சு, லபக்குன்னு முழுங்கிடுச்சு. பையன் கத்தின கத்துல அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க.

பானையை அன்னைக்கே கவுத்துட்டோம். கொசுப்புழு ஒரு வாரத்துல கொசுவாகிப் பறந்துடும். கிணத்துல கொசுவுக்காக விடுற கம்பூசியா மீன் 1928-ல இத்தாலியில இருந்து நம்ம நாட்டுக்கு வந்ததுன்னு சொன்னேன், ஆச்சரியமா கேட்டான். அதுக்கப்புறம் கடையில உறைய வச்ச புழு வாங்கி, ஊறின குருணையையும் அதோட கலந்து போடுறோம்.

ஒண்ணு கவனிங்க. தீனியை வாயில வாங்கித் துப்புறது, துடுப்பை ஒடுக்கிக்கிறது, வெள்ளையா நூல் மாதிரி கழியுறது, மேல வந்து வாயைப் பிளக்கிறது - இதெல்லாம் பயம் இல்ல. தண்ணிக் கோளாறோ நோயோதான். அப்போ தீனி காட்டி ஆசை மூட்டாதீங்க. கால்வாசித் தண்ணியை மாத்திட்டு, விவரம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

பையனும் வந்ததுல இருந்து அரை இட்லிக்கு மேல சாப்பிடல. அம்மா அவன் தட்டு முன்னாடியே உக்காந்து "இன்னும் ஒரு வாய்டா கண்ணு"ன்னு கெஞ்சுவாங்க. தொட்டி முன்னாடி ஆள் நின்னா ஏஞ்சல் ஒளியுறதைக் காட்டி, "அவனையும் கொஞ்சம் விடும்மா"ன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவன்கிட்ட, "உங்க வீட்டுல என்னடா செய்வாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்பா செய்யுற தக்காளி சாதம்னான். செஞ்சு வச்சுட்டு கொல்லைப்பக்கம் போயிட்டாங்க.

"ஆயா, அப்பா இதுல புதினா போடுவாரு"ன்னு உள்ளே இருந்து குரல் வந்துது. தட்டுல பாதி காலி.

அடுத்த தடவை புதினா போட்டாங்க.

பெரிய ஏஞ்சல் இப்போ குருணையும் எடுக்குது. சின்னது இன்னும் புழு மட்டும்தான். குருணையை வெறுமனே போட்டுப் பாக்கலாமாடான்னு நேத்து கேட்டேன். "அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் மாமா"ங்கிறான்.