தொடையில் கை ஊன்றி

பிப்ரவரி 22, 2025, சனி

தி. நகர் அச்சகத்தில் நோட்டீஸ் புரூஃப் பார்த்தேன். 'அரிய நோய்கள் நாள்' என்று எழுதிக் கொடுத்தது 'அறிய நோய்கள்' என்று வந்திருந்தது. திருத்தினேன். கீழே கொட்டை எழுத்தில் 'டுஷேன் தசைச்சிதைவு நோய்'. கம்போஸ் செய்த தம்பி கேட்டார்: "இதப் படிச்சிட்டு நான் என்னக்கா பண்ணணும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. நாளை வருகிறேன், அதுவரை அச்சேற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மகன் கண்ணன் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதினேன். நாலு வயதில் அவன் தரையிலிருந்து எழும்போது முட்டியிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுவான். எல்லோரும் பார்த்தோம். கெண்டைக்கால் தடித்திருந்ததை 'நல்லா சதை போட்டிருக்கான்' என்றார்கள் உறவினர்கள். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். ஒரு டாக்டர் கால்சியம் எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷம் போயிற்று. கடைசியில் டுஷேனைக் காட்டிக் கொடுத்தது சி.பி.கே. என்ற ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. இந்த நோயை அடியோடு போக்க இன்னும் மருந்தில்லை. ஆனால் தக்க வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு, நடை நின்றுபோவதைத் தள்ளிப்போடும். அந்த மூன்று வருஷம்தான் நெஞ்சை அறுக்கிறது.

நோட்டீஸின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: 'உங்கள் பையன் தரையிலிருந்து எப்படி எழுகிறான்?'

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கபாலி கோயிலில் பெரியம்மா, "நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லியேம்மா, என்ன பாவமோ" என்று கண் கலங்கினாள். குளக்கரையில் உட்கார வைத்துச் சொன்னேன். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பிழை. மனிதனிடம் உள்ள மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று அது, 79 துண்டுகள் கொண்டது. தாய் வழியாக வரலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் புதிதாகவே தோன்றுகிறது. பாவமும் இல்லை, சாபமும் இல்லை. ஆனால் என் தங்கை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. மையம் இந்த மரபணுப் பரிசோதனையைச் செய்கிறது. பெரியம்மா, "அவள நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

நாளை நாகேஸ்வர ராவ் பூங்காவில் கொடுக்க 500 நோட்டீஸ் கட்டினோம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29-ஐத்தான் 2008-இல் அரிய நோய்கள் நாளாகத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற வருஷங்களில் 28. நோட்டீஸின் பின்பக்கம், 2021-இல் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கை பற்றி நாலு வரி. பட்டியலில் டுஷேன் இருக்கிறது. சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவ அதில் வழி இருக்கிறது. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தவர்தானே விண்ணப்பிக்க முடியும்?

பிப்ரவரி 28, வெள்ளி

காலை ஆறு மணிக்கே பூங்கா. வாங்கியவர்கள் பலர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பி.டி. வாத்தியார் மட்டும் நின்று படித்தார். முகம் மாறியது. "எங்க ஸ்கூல்ல ரெண்டாங் கிளாஸ்ல ஒருத்தன் இப்படித்தாம்மா எழுந்திருப்பான். நான் திட்டியிருக்கேன்."

இதற்காகத்தான் வந்தேன். ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது.

"அவங்க அம்மாகிட்ட எப்படிம்மா சொல்றது?"

"நோய் பேரச் சொல்லாதீங்க சார். வேற ஏதாவதாகவும் இருக்கலாம். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரில காட்டி, சி.பி.கே. பார்க்கச் சொல்லுங்க. ரிசல்ட் வாங்கப் போறப்போ தனியா போக வேணாம்னு சொல்லுங்க. துணைக்கு நான் வர்றேன்."

அவர் பேனா கேட்டார். நோட்டீஸின் ஓரத்தில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.