ஒண்ணும் பண்ணாது

ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டைப்பட்டினம் கடைத்தெரு. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பிவிட்டன. ஏலம் முடிந்த நண்டும் காரலும் கணவாயும் தெருவுக்கு வருகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பேருந்து ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் போகிறது.

ஸ்கூட்டி ஒன்று நிற்கிறது. முதலில் இறங்குவது நாய். லேப்ரடார். வெண்ணெய் நிறம். சிவப்புக் கழுத்துப்பட்டை. ஆறடி நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஓர் இளைஞர். ஒரு கையில் கயிறு, மறு கையில் கட்டைப்பை. கைபேசிக்கு மூன்றாவது கை இல்லை. அது கயிறு பிடித்த கைக்கே வந்து சேர்கிறது.

நாயின் பெயர் ராக்கி. அரை நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. "ராக்கி, நோ." "ராக்கி, கம்." நாயோடு ஆங்கிலம். மனிதர்களோடு தமிழ். மனிதர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஒண்ணும் பண்ணாது."

நண்டுக் கூடை. மேலே கிடப்பவை இன்னும் கால் அசைக்கின்றன. ராக்கியின் மூக்கு கூடை விளிம்பில்.

"ஒண்ணும் பண்ணாதுக்கா."

"அது பண்ணாது தம்பி. நண்டு பண்ணும்."

மூக்கு பின்வாங்குகிறது. கயிறு ஓரடி குறைகிறது. இதற்குள், கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பெண் அடுத்த கூடைக்குப் போய்விட்டார். நண்டுக்கார அம்மா அவர் முதுகைப் பார்க்கிறார். பிறகு நாயை. பிறகு இளைஞரை.

எதிரே ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பி. பள்ளிவாசல் பக்கம் நடக்கிறார். நாயைப் பார்த்ததும் கைலியை விரல் நுனியால் ஒரு சாண் தூக்கிப் பிடிக்கிறார். நடை நிற்கவில்லை, மெதுவாகிறது. இளைஞர் வாய் திறக்கவில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். நாயைச் சுவரோரம் நிறுத்துகிறார். நாய்க்கும் பெரியவருக்கும் நடுவில் தன் காலை வைக்கிறார். பெரியவர் கடந்து போகிறார். கைலி இறங்குகிறது. போகிற போக்கில் கையை லேசாக உயர்த்துகிறார்.

காலையிலிருந்து "ஒண்ணும் பண்ணாது" சொல்லப்படாத இடம் இது ஒன்றுதான்.

டீக்கடை. வடை மடித்த தாளில் பழைய செய்தி. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு, 2025 நவம்பர் 7. எண்ணெய்க் கறைக்கு அந்தப் பக்கம் சென்னை மாநகராட்சி: உரிமம் எடுக்காமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம். வெளியே கூட்டி வந்தால் கயிறும் வாய்மூடியும் வேண்டும்.

"இங்க யாருண்ணே லைசென்ஸ் கேக்கப் போறா? ஊராட்சிதானே."

"கடிச்சாக் கேப்பாங்க."

வளர்க்கும் விலங்கைக் கவனமில்லாமல் விடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் வருகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊராட்சிக்கும் அதுதான், மாநகராட்சிக்கும் அதுதான். வடைத் தாளில் அது இல்லை.

தெரு முனையில் வலை பின்னும் ஒருவர். அவரருகில் கைலியை மடித்துக் கட்டிய மீனவர் வந்து நிற்கிறார். பின்னாலேயே ஒரு செவலை நாட்டுநாய். கயிறு இருக்கிறது, தேங்காய் நார். மீனவர் அதை வலைக்காரரின் கையில் கொடுக்கிறார். "மாமா, செத்த பாத்துக்கங்க." கடைக்குள் போகிறார். வெங்காயம், தீப்பெட்டி, பீடிக்கட்டு. திரும்பி வருகிறார். கயிற்றை வாங்கிக்கொள்கிறார். நாய் எழுந்து உடம்பை உதறுகிறது. இருவரும் போகிறார்கள். தெருவில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மளிகைக் கடை. மூன்று படி. ஓரத்தில் இரும்புக் கைப்பிடி. ராக்கி அதில் கட்டப்படுகிறது. படியின் குறுக்கே படுக்கிறது.

படிக்குக் கீழே ஆட்கள் சேர்கிறார்கள். தூக்குவாளியோடு ஒரு சிறுமி. காஸ் புத்தகத்தோடு ஒருவர். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். குழந்தை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறுகிறது. கடைக்குள்ளிருந்து, துவரம்பருப்புக்கும் மஞ்சள்தூளுக்கும் நடுவே, குரல் மட்டும் வருகிறது.

"ஒண்ணும் பண்ணாது, வாங்க."

யாரும் வரவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். தராசுத் தட்டில் பருப்பு காத்திருக்கிறது.

ராக்கி எழுகிறது. சோம்பல் முறிக்கிறது. கயிறு போகிற தூரத்தில் கல்லுப்பு மூட்டை. பின்னங்கால் தூக்குகிறது.

"ராக்கி, நோ!"

சொல் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரோடு வருகிறார். மூட்டையைப் பார்க்கிறார். சொம்பைப் பார்க்கிறார். உப்பு மூட்டையைக் கழுவ முடியாது. சொம்பைக் கீழே வைக்கிறார்.

இளைஞர் பர்ஸை எடுக்கிறார். "மூட்டை எவ்வளவுண்ணே?"

"பரவால்ல தம்பி" என்கிறார் கடைக்காரர். விலையையும் சொல்கிறார்.

மூட்டை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் ஏறுகிறது. வரும்போது ராக்கி நின்றுவந்த இடம். இனி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நாயும் நடந்துதான் வர வேண்டும். படி காலியாகிறது. தூக்குவாளி, காஸ் புத்தகம், குழந்தை, அதே வரிசையில் உள்ளே போகின்றன.

பத்தடி தாண்டி ராக்கி மறுபடி நிற்கிறது. முதுகை வளைக்கிறது. இளைஞர் கைபேசியைப் பார்க்கிறார். பிறகு வானத்தைப் பார்க்கிறார். பிறகு பக்கத்தில் கிடக்கும் மணலைச் செருப்புக் காலால் தள்ளப் பார்க்கிறார்.

துடைப்பத்தோடு தூய்மைக் காவலர் ஒருவர் நிற்கிறார். பெருக்கவில்லை. பேசவில்லை. துடைப்பத்தின் அடியைத் தரையில் இரண்டு முறை தட்டிக் குச்சிகளைச் சமமாக்குகிறார். காத்திருக்கிறார்.

இளைஞர் கட்டைப்பைக்குள் கை விடுகிறார். பச்சைமிளகாய் வந்த பிளாஸ்டிக் கவர். இந்த வகைக் கவருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மிளகாய் பைக்குள் கொட்டப்படுகிறது. கவர் கையுறையாகிறது. குனிகிறார், எடுக்கிறார், முடிச்சுப் போடுகிறார். காவலர் தள்ளுவண்டியின் மூடியைத் திறந்து பிடிக்கிறார். கவர் உள்ளே விழுகிறது. துடைப்பம் வேலையைத் தொடங்குகிறது.

கடையிலிருந்து குழந்தை வெளியே வருகிறது. இப்போது தாயின் கையைப் பிடித்து நடக்கிறது. வாயில் குச்சி மிட்டாய். நாயைப் பார்த்து நிற்கிறது.

"கடிக்குமா?"

இளைஞரின் வாய் திறக்கிறது. "ஒண்ணும்..." என்கிறார். நிறுத்துகிறார். வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிறார். கயிற்றைக் கழுத்துப்பட்டைக்கு அருகில் பிடிக்கிறார். நாயை மறுபக்கம் திருப்பி நிறுத்துகிறார்.

"தெரியலப்பா. நீ போ. நான் புடிச்சுக்கிறேன்."

குழந்தை போகிறது. தாய் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். முதல் முறையாக ஒருவர் அந்த நாயைச் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்.

நாய் கடித்தால், கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. கட்டணம் இல்லை. 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை. நான்கு தவணைக்கும் போய் வர வேண்டியவர் கடிபட்டவர். நாயின் சொந்தக்காரர் அல்ல.