பொங்கல் வாழ்த்தும் எல்லைக் கோடும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எண்ணூரை அடுத்த முகத்துவாரக்குப்பத்துக்குக் காற்று வாங்கப் போயிருந்தோம். திருத்தணியிலிருக்கும் நம் அத்தையின் பேரனும் கூட வந்தான். அத்தை தம் மகளை நகரியில் கொடுத்திருக்கிறார். ஆகவே பிள்ளையாண்டான் ஆந்திரவாசி.

கரையில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர், "இன்னா நைனா, எந்த ஊரு?" என்று விசாரித்தார். பையன் சிரித்துவிட்டான். 'நைனா' என்பது தெலுங்கிலிருந்து வந்த சொல் அல்லவா! "நகரிங்க, தாத்தா" என்று சுத்தத் தமிழில் பதில் வந்தது. நகரியில் பிறந்தவனிடம் தமிழும், குப்பத்தில் பிறந்தவரிடம் தெலுங்கும் இருந்தன. எதிரே கடலில் கலந்துகொண்டிருந்த கொசஸ்தலையாற்றிலும் ஆந்திரத்து நகரியாற்று நீர் சேர்ந்திருக்கிறது.

ஆனால் படகின் மேல் எழுதியிருந்த பெயரை வாசிக்கச் சொன்னபோது பையன் விழித்தான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. செல்போன் யுகத்திலும் வருஷந்தோறும் பாட்டிக்குப் பொங்கல் கடிதம் எழுதுகிற நல்ல பிள்ளைதான். ஆனால் பாஷை தமிழ், எழுத்தோ தெலுங்கு! அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் எழுத்துக் கூட்டிப் படிக்க, அத்தை பொருள் கண்டுகொள்கிறார். இக்காலத் தெலுங்கில் 'ழ' இல்லை. எனவே 'வாழ்த்து' அனுப்பியவன் வருஷா வருஷம் பாட்டிக்கு 'வாள்' அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

நகரிக்கும் திருத்தணிக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி தூரங்கூட இல்லை. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது இரண்டு ஊர்களும் அதனுள் இருந்தன. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக, பட்டாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. கிராமங்களை எண்ணினார்கள், பாஷைக் கணக்கைப் பார்த்தார்கள். ஜனங்களிடம் வாக்குக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மட்டும் ஒருவரும் மறுபக்கம் தங்கியிருக்க மாட்டார்களா? 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்களின் சொந்தத் தேசத்து எல்லையைப் பாருங்கள். 1864 யுத்தத்தில் ஷ்லெஸ்விக் பிரதேசத்தை ஜெர்மானியரிடம் இழந்தார்கள். 1920இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியில் நூற்றுக்கு 75 பேர் டென்மார்க்கைக் கேட்டார்கள். தென்பகுதியில் 80 பேர் ஜெர்மனியைக் கேட்டார்கள். அப்படியே கோடு விழுந்தது. அப்போதும் இரு புறமும் மற்றவர் இனம் மிஞ்சத்தான் செய்தது. 1955இல் இரு அரசாங்கங்களும் அச்சிறுபான்மையோரின் உரிமைகளைத் தனித்தனியே பிரகடனம் செய்தன. இன்றும் ஜெர்மனியிலுள்ள பிளென்ஸ்பர்க் நகரில் டேனிஷ் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. டென்மார்க்கிலோ ஜெர்மன் பள்ளிகள்.

கோட்டை அழிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நகரியில் தமிழ் வகுப்பு கேட்கிறோம். கேட்கும்போதே சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. 2006ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, நம் பக்கத்துத் தெலுங்குப் பெற்றோர்களும் தங்கள் குழந்தைகளின் தாய்மொழியைப் பற்றி இதே குறையைத்தான் சொல்லிவருகிறார்கள்.

திரும்பும் வழியில் பையன் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தை நீட்டி, "மாமா, அந்த 'ழ'வை மட்டும் எழுதிக் காட்டுங்கள்" என்றான். குலுக்கலில் முதல் 'ழ' கோணிப்போயிற்று. இரண்டாவதைப் பார்த்து அவன் எழுத ஆரம்பித்தான்.