கல்வெட்டுல பேர் இல்லாத சாமியார்

எங்க ஊர் செபஸ்தியார் கோயில்ல மொத்தம் பதினோரு கல்வெட்டு இருக்கு. எண்ணிட்டேன். (பூசை நேரத்துலதான், வேற எப்ப எண்றது :-)) கொடிமரத்துக்கு ஒண்ணு, கெபிக்கு ஒண்ணு, கலையரங்கத்துக்கு அடிக்கல் நாட்டினதுக்கு ஒண்ணு, அதைத் திறந்ததுக்கு இன்னொண்ணு, சுற்றுச்சுவருக்கு, மணிக்கூண்டுக்கு... கடைசியா வந்தது கழிப்பறைக்கு. எல்லாத்துலயும் ஒரே வரிசைதான். மேல ஆயர் பேரு, நடுவுல பங்குத்தந்தை பேரு, கீழே பொடி எழுத்துல உபயதாரர்.

உங்க ஊர்ப் பக்கமும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு சாமியார் வந்துட்டுப் போனார்னா, 'அவர் என்ன கட்டினார்?'னுதான் ஊர்ல கேப்பாங்க. கெபி கட்டின சாமியார், கோபுரம் கட்டின சாமியார்னு பேரே அப்படித்தான். எதுவும் கட்டாம போனவரோட பேரு ரெண்டு வருசத்துல மறந்துபோயிரும்.

அப்படி ஒண்ணும் கட்டாத ஒரு சாமியாரைப் பத்தித்தான் இது. பேர் வேணாம். 2021 ஜூன்ல வந்தார், 2024 டிசம்பர் 31 ராத்திரி விடைபெற்றார். மூன்றரை வருசம். கல்வெட்டு பூஜ்யம்.

வந்த புதுசுல ஊருக்கு அவரைப் பிடிக்கல. பிரசங்கம் ஏழு நிமிசத்துல முடிஞ்சிரும், அதுவே ஒரு குறை. (அரை மணி நேரம் பேசினா வேற குறை.) வசூலுக்குன்னு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிட்டு சென்னைக்கு வரமாட்டார். எங்களை மாதிரி வெளியூர்ல வேலை பாக்குறவங்களுக்கு அது பெரிய நிம்மதி, அது வேற விஷயம். அவர் செஞ்சது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலை. மாசா மாசம் ஒண்ணாம் தேதி கோயில் வரவு செலவை எழுதி அறிவிப்புப் பலகையில ஒட்டிருவார். மெழுகுவத்தி எவ்வளவு, கரண்டு பில் எவ்வளவு, உண்டியல்ல விழுந்தது எவ்வளவு, எல்லாம். பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் இருக்கணும்னு 1983 திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு, 537ஆவது விதி. எங்க ஊர்லயும் நிதிக்குழு இருந்துச்சு, ஆனா அது கூடி நான் கேள்விப்பட்டதில்லை. இவர்தான் கூட்டி உக்கார வச்சார். முதல் மூணு மாசம் பலகை முன்னாடி தேர்த்திருவிழா கூட்டம்!

அப்புறம் சாவு வீடு. யார் வீட்டுல சாவுன்னாலும், எந்தத் தெருன்னாலும், அந்தப் பழைய பைக்குல வந்து இறங்கிருவார். செபம் சொல்லிட்டு உடனே கிளம்பமாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு சும்மா உக்காந்திருப்பார். எங்க அப்பத்தா செத்தப்ப ராத்திரி ஒரு மணி வரைக்கும் இருந்தார், யார்ட்டயும் பெருசா பேசல. காலையில எங்க அப்பா சொன்னது: "சாமி இருந்தது தெம்பா இருந்துச்சுப்பா."

நிற்க. மாற்றல் எங்க பக்கம் பெரும்பாலும் மே, ஜூன்லதான் வரும். இவருக்கு நடுவுலயே வந்துருச்சு. வேற பங்குல இருந்த வயசான சாமியாருக்கு உடம்பு முடியாம போனதால அவசரமா அனுப்புறாங்கன்னு ஒரு கதை. யாரோ ஆயருக்கு மொட்டைக் கடுதாசி போட்டாங்கன்னு இன்னொரு கதை. டீக்கடையில ரெண்டாவது கதைக்குத்தான் மவுசு. எது உண்மையா இருந்தாலும் சாமியார்னா கிளம்ப வேண்டியதுதான். பங்குத்தந்தைக்கு நிலையான இருப்பு வேணும்னு சட்டம் சொல்லுது, ஆன்மாக்களோட நலனுக்காக ஆயர் மாத்தலாம்னும் அதே சட்டம் சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சூட்கேஸும் நாலு அட்டைப்பெட்டி புத்தகமும்.

நானும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். 31ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கு நன்றி வழிபாடு, பன்னிரண்டுக்கு மணியடிச்சு புது வருசப் பூசை. கோயில் வாசல் வரைக்கும் கூட்டம். வருசம் பூரா கோயில் பக்கம் எட்டிப் பாக்காதவன்கூட அன்னைக்கு இன்சர்ட் பண்ணிட்டு வந்து நிப்பான். பூசை முடிஞ்சு கேக் குடுக்குறதுக்கு முன்னாடி பிரியாவிடை.

நம்மாளுங்க பிரியாவிடை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பங்குப் பேரவை சார்பா பொன்னாடை, அன்பியங்கள் சார்பா பொன்னாடை, மரியாயின் சேனை சார்பா, பாடகர் குழு சார்பா, கபடிக் குழு சார்பா... மொத்தம் இருபத்தி மூணு. அந்தக் குளிர்லயும் மனுசனுக்கு வேர்த்துப்போச்சு. அரைப் பவுன் மோதிரம் ஒண்ணு போட்டாங்க. பேசினவங்க எல்லாரும் "எளிமையானவர், இனிமையானவர்"னு அதே ரெண்டு வார்த்தையை மாத்தி மாத்திச் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும், "சாமி இன்னும் ரெண்டு வருசம் இருந்திருந்தா கோபுரம் கட்டியிருப்பார்"னு பேசினதும் அவர் சிரிச்சிட்டார்.

அப்புறம் மைக் அவர் கைக்கு வந்துச்சு. வழக்கம்போல சுருக்கமாத்தான் பேசினார். 2025 யூபிலி ஆண்டு, அதை டிசம்பர் 24 ராத்திரி ரோம்ல போப் பிரான்சிஸ் தொடங்கி வச்சு ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்'ங்கிறதுதான் அந்த வருசத்துக்கான தலைப்பு. சாமி அந்த வார்த்தையிலதான் ஆரம்பிச்சார். எங்க அப்பத்தா காலத்து மந்திரத்துல விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்னு இருக்கும். இப்ப இருக்குற திருவிவிலியத்துல விசுவாசம் 'நம்பிக்கை' ஆயிருச்சு, பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆயிருச்சு. "ரொம்பப் பேருக்கு இந்த மாத்தம் பிடிக்கல, எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னார். "நம்பிக்கைன்னா வீட்டுல உக்காந்துகிட்டே வச்சிக்கலாம். எதிர்நோக்குன்னா வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பாக்கணும்."

எந்தத் தெருவைச் சொல்றார்னு பாதிப் பேருக்கு அப்பவே புரிஞ்சிருச்சு.

புது வருசத்துக்கு எங்களுக்கு அவர் சொன்ன ஆசைகள்: கணக்கு எழுதி ஒட்டுறதை நிறுத்திராதீங்க, புதுச் சாமியார் மறந்தா நீங்க கேளுங்க. பத்தாவது பெயிலான பிள்ளைகளுக்குன்னு ஆரம்பிச்ச சாயங்கால வகுப்பை விட்டுராதீங்க. அதுவரைக்கும் கைதட்டல். அடுத்து சொன்னதை அப்படியே எழுதுறேன், ஏன்னா அந்த நேரத்துல கோயில்ல ஒரு குழந்தை அழுற சத்தம் தவிர வேற சத்தமே இல்ல.

"இன்னைக்கு உலக அமைதி நாள். பெரிய நாடுகள் ஏழை நாடுகளோட கடனைத் தள்ளுபடி பண்ணணும்னு போப் கேட்டிருக்கார். நான் கேக்குறது அதை விடச் சின்னது. யாரும் யாருக்கும் எதையும் தள்ளுபடி பண்ண வேணாம். கிழக்குத் தெருக்காரங்க வரி குடுக்குறாங்க, அதை வாங்கிக்கங்க. பத்தொன்பதாம் தேதி செபஸ்தியாரை அந்தத் தெருவுக்கும் கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான். உக்காந்துட்டார்.

வெளியூர்க்காரங்களுக்காக விளக்கம். எங்க திருவிழா ஜனவரி 20. 19 ராத்திரி சப்பரம் தெருத்தெருவா வரும், வீட்டு வாசல்ல நின்னு உப்பும் மிளகும் வீசுவாங்க. வடக்குத் தெரு, மேலத் தெரு, கடைத்தெரு சுத்தி கோயிலுக்குத் திரும்பிரும். கிழக்குத் தெருவுக்கு மட்டும் போகாது. அங்க இருக்குறதும் கத்தோலிக்கக் குடும்பங்கள்தான், நாப்பது வீடு, அதே ஞானஸ்நானம், அதே நன்மை. ஆனா தலித் மக்கள். அவங்க முக்குல நின்னு தூரத்துல இருந்து உப்பு மிளகை வீசணும். நான் வடக்குத் தெரு. எங்க வீட்டு வாசல்ல சப்பரம் அஞ்சு நிமிசம் நிக்கும்.

ஏன் போகலன்னு கேட்டா, 'தலைக்கட்டு வரி குடுக்காதவங்க தெருவுக்கு எப்படிப் போறது?'ம்பாங்க. ஏன் குடுக்கலன்னு கேட்டா, அவங்ககிட்ட வாங்குற வழக்கம் இல்லையாம்! இதை எவன் கண்டுபிடிச்சானோ, கணக்குல புலியா இருந்திருப்பான்.

இந்தச் சாமியார் வந்த முதல் வருசமே இதைக் கேட்டிருக்கார். வரிக்கதைய விட்டுட்டு, தெரு குறுகல், சப்பரம் திரும்பாதுன்னு சொல்லியிருக்காங்க. மறுநாள் இளைஞர் குழுப் பசங்க ரெண்டு பேரோட டேப் எடுத்துட்டுப் போய் அளந்தார். சப்பரம் ஏழடி அகலம். தெரு, இருக்குறதுலயே ஒடுங்கின இடத்துல பதினோரு அடி. அடுத்து கரண்டு வயர் தாழ்வா இருக்குன்னாங்க. எழுதிக் குடுத்து, நாலு தடவை அலைஞ்சு, வயரையும் ஏத்தி விட்டார். அதுக்கப்புறம் யாரும் காரணம் சொல்றதில்லை. பேசாம இருந்துட்டாங்க. காரணத்தைக்கூட எப்படியாச்சும் உடைச்சிரலாம், பேசாம இருக்குறதை என்ன பண்றது? கோபுரம் கட்டுறது சுலபம்னு எனக்கு அப்பத்தான் தோணுச்சு. சிமெண்ட் எதுத்துப் பேசாது, முகத்தைத் திருப்பிக்கவும் செய்யாது.

இது எங்க ஊர்ச் சின்னக் கதைன்னு விட்டுர முடியாது. தமிழ்நாட்டு ஆயர்கள் 2003ல ரோமுக்குப் போனப்ப இரண்டாம் ஜான் பால் இந்தச் சாதிப் பாகுபாட்டைப் பத்தி நேராவே பேசினார். 2008 மார்ச்ல விழுப்புரம் பக்கம் எறையூர்ல தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதுல மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்காக ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டுச்சு. காகிதம் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அந்தக் காகிதம் எங்க ஊர் முக்கு திரும்பணும்னா ஒரு சாமியார் டேப்பைத் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கு. அவரும் மூன்றரை வருசத்துல கிளம்பிர்றார்.

பேச்சு முடிஞ்சதும் யாரும் கைதட்டல. உபதேசியார்தான் சமாளிச்சுட்டு, "இப்ப கேக் வழங்கப்படும்"னு அறிவிச்சார். வெளிய வந்து கேக்கைத் தின்னுகிட்டே எங்க பெரியப்பா பொங்கினார்: "போற நேரத்துல எதுக்கு இதெல்லாம்? நல்லபடியா ஆசீர்வாதம் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான?" நான், "போற நேரத்துலதான் பெரியப்பா சொல்ல முடியும்"னேன். அவர் முறைச்ச முறைப்புல மீதிக் கேக்கை அவர்கிட்டயே குடுத்துட்டேன்.

மோதிரத்தை அவர் ஒண்ணாம் தேதி காலையிலேயே பேரவைச் செயலர்கிட்ட திருப்பிக் குடுத்து, சாயங்கால வகுப்புக்கு வச்சிக்கங்கன்னு சொல்லிட்டார். இருபத்தி மூணு பொன்னாடையும் பாலர் சபைப் பிள்ளைகளுக்கு. கிறிஸ்துமஸ் நாடகத்துல மூணு ராஜாக்களுக்கு இனி பத்து வருசத்துக்குத் துணி வாங்க வேண்டாம் :-). மத்தியானம் அந்த பைக்கை ஒரு லோடு வண்டியில ஏத்தி, அவரும் முன்சீட்டுல ஏறிட்டார். வழியனுப்ப ஊர்லேர்ந்து முப்பது பேர் இருந்திருப்போம். கிழக்குத் தெருக்காரங்க மொத்தமா வந்திருந்தாங்க.

நான் ரெண்டாம் தேதி சென்னைக்குத் திரும்பிட்டேன். மீதியெல்லாம் தம்பி போன்ல சொன்னது.

ஜனவரி 5 ஞாயித்துக்கிழமை, மூணு ராஜாக்கள் திருநாள் பூசை முடிஞ்சு விழாக் கமிட்டி கூடியிருக்கு. புதுச் சாமியார் சின்ன வயசு, வந்து நாலு நாள்தான் ஆச்சு. பழைய சாமி எழுதி வச்சிட்டுப் போன ஒரு காகிதத்தை மட்டும் வாசிச்சிருக்கார். அதுல தெரு அளவு, சப்பரத்தோட அளவு, வயர் ஏத்தின தேதி, வரி குடுக்கத் தயாரா இருக்குற நாப்பது குடும்பத்தோட பேரு. வேற ஒரு வார்த்தை இல்லையாம். ரெண்டரை மணி நேரம் சண்டை. நாலு பேர் எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க (அதுல ஒருத்தர் யார்னு நீங்க யூகிச்சிருப்பீங்க). கடைசியில வரியை வாங்குறதுன்னு முடிவாச்சு. சப்பரத்தைப் பத்தி முடிவு எதுவும் எடுக்கல. ஆனா வரி வாங்கி ரசீது போட்டாச்சே. ரசீதை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிருக்குறதா கிழக்குத் தெருவுல ஒரு பாட்டி தம்பிகிட்ட காட்டியிருக்காங்க.

19ஆம் தேதி ராத்திரி சப்பரம் கடைத்தெரு தாண்டி முக்குக்கு வந்துச்சு. வழக்கமா இடது பக்கம் திரும்பிரும். அன்னைக்குத் தூக்குன பசங்க நின்னுட்டாங்க. பேண்டு மேளம் மட்டும் அடிச்சுகிட்டே இருக்கு. பத்து நிமிசம் யாரும் எதுவும் பேசல. அப்புறம் தம்பியோட கூட்டாளி ஒருத்தன் முன்னாடித் தண்டை வலது பக்கம் இழுக்க, சப்பரம் கிழக்குத் தெருவுக்குள்ள போச்சு. மூணு வீடு தாண்டினதும் பின்னாடி பிடிச்சவங்கள்ல சிலர் விட்டுட்டாங்க. சப்பரம் ஒரு பக்கமா சாய, அந்தத் தெருப் பசங்க ஓடி வந்து தோள் குடுத்திருக்காங்க. அங்கேயே ஒரு செபம் சொல்லி, வந்த வழியே திருப்பிட்டாங்க. உப்பும் மிளகும் காலை வரைக்கும் ரோட்டுல கிடந்துச்சாம்.

தம்பி அந்த ராத்திரியே பழைய சாமிக்குப் போன் போட்டிருக்கான். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வீடுடா?"

"மூணு வீடு சாமி."

"சரி. இன்னும் முப்பத்தேழு இருக்கு. அந்த டேப்பை யார்கிட்டயாச்சும் குடுத்துத் தொலைச்சிராத."